முக்காலி மேல் ஒரு தம்ளர் தண்ணீர்

தம்ளரை விளிம்பு வரை நிறைத்து, கேமரா முக்காலியின் தலைப்பலகையில் வைத்துவிட்டு, கடைக்காரர் ராமசுப்பிரமணியன் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு எட்டி மின்விசிறியையும் நிறுத்தினார்.

"இப்பக் கைய வைங்கம்மா," என்றார்.

நூர் நிஷா தன் வலக்கையைப் புர்காவின் மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். இராமநாதபுரத்தில் பழைய கேமராக்களைப் பழுதுபார்த்து விற்கும் அந்தக் கடைக்கு அவள் பன்னிரண்டு ஆண்டுகளாக வந்துபோகிறவள்; ஆனால் ஒருநாளும் துணையோடு வந்ததில்லை. இன்று கண்ணாடி அலமாரிக்கு எதிரே, ஒற்றை நாற்காலியில், கீழக்கரையின் நஸீரா அமர்ந்திருந்தார். நாளை மறுநாள் அவருடைய ஒரே மகள் சுஹாவுக்கு நிக்காஹ். பெண்கள் கூடத்தில் படமெடுக்கப் பேசியிருப்பது நூர் நிஷாவைத்தான். கல்யாணச் சாமான் வாங்கக் காரில் புறப்பட்டவர், "முக்காலி வாங்கணும்னியே, நீயும் ஏறு," என்று அழைத்தபோது மறுக்க வழியில்லாமல் போயிற்று.

அவள் கையில் நடுக்கம் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. வலக்கை எதையேனும் தொடும்போதோ பற்றும்போதோ மட்டும் விரல்கள் மெல்ல அதிரும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முழுதாகப் போகாது என்று மதுரையில் நரம்பு மருத்துவர் சொல்லியிருந்தார். துபாயிலிருக்கும் கணவர் ரிஃபாயைத் தவிர வேறெவருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. கீழக்கரையில் ஒரு வீட்டில் சொன்னால் மக்ரிப் தொழுகைக்குள் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வேறொரு பெண் வந்து இறங்குவாள். பெண்கள் கூடத்துக்குள் ஆண்கள் வருவதில்லை. அங்கே எடுக்கும் படங்களை அவள் வீட்டுக்கு எடுத்துச் செல்வதுமில்லை. விருந்து முடிந்ததும் மணப்பெண்ணின் தாய் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வேண்டாததை அங்கேயே அழித்துவிட்டு, கார்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு வருவாள். அந்த உள்ளங்கைகளின் நம்பிக்கைதான் அவளுடைய தொழில். அதில் ஒரு கணம் மட்டும் திரும்ப வராதது: மாப்பிள்ளையின் தாய் மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டும் கணம். தவறிவிட்டால், அவிழ்த்து இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

கேமராவைத் தொடாமல் தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தும் கருவியும் அவளிடம் இருந்தது. ஆனால் பெண்கள் கூட்டம் ஓரிடத்தில் நில்லாது. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தாக வேண்டும்.

"என்ன நிஷா, தண்ணியத் தொடச் சொல்லலயே, முக்காலியத்தானே தொடச் சொல்றாக," என்றார் நஸீரா.

அவள் கையை நீட்டினாள். தம்ளரை முதலில் வைத்திருந்தது, அவள் கொண்டுவந்திருந்த பழைய அலுமினிய முக்காலியின் மேல். கைப்பிடியில் விரல் பட்டதும் நீரின் மேல் வட்டங்கள் நெருங்கி நெருங்கி எழுந்தன. ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. நஸீராவின் கண்கள் அந்தச் சொட்டைப் பின்தொடர்ந்து சென்று, பிறகு மெதுவாகக் கை வரை ஏறின.

"அலுமினியம் அப்படித்தான்," என்றார் ராமசுப்பிரமணியன், ஈரத்தைத் துடைத்தபடி. "வெளிய லாரி போனாக்கூட உள்ள வாங்கிக்கிரும். மரம் அப்படியில்ல, எல்லாத்தையும் தனக்குள்ளயே முழுங்கிரும்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அது கண்டுகொண்டதனாலா, காணாததனாலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மர முக்காலிகள் இரண்டு இருந்தன. ஒன்று மெருகேற்றிய தேக்கு. பித்தளைத் திருகுகள் பளபளத்தன. ஒரு கையால் தூக்கிவிடலாம். மற்றொன்று நில அளவைக்காரர்கள் பயன்படுத்திய பழையது. மஞ்சள் சாயம் திட்டுத்திட்டாக உரிந்து, ஒவ்வொரு காலின் நுனியிலும் இரும்புக் கூர் இருந்தது. தேக்கின் மேல் தம்ளரை வைத்துத் தொட்டபோது வட்டங்கள் எழவில்லை. ஆனால் நீரின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திராது. அவளுக்குத் தெரிந்தது.

மஞ்சள் முக்காலியின் மேல் வைத்தார். தொட்டாள். பின்னர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தாள். நிறுத்திய விசிறியின் மூன்று இறக்கைகளும் நீருக்குள் அசையாமல் கிடந்தன. நான்கு மாதங்களில் தன் கை பட்ட ஒரு பொருள் அசையாமல் இருப்பதை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"இது போதும்ணே," என்றாள்.

"எதுக்கு இது?" நஸீரா எழுந்து வந்தார். "அந்தத் தேக்கு என்ன அழகா இருக்கு. இதைக் கொண்டாந்து கூடத்துல நிறுத்துனா, மாப்பிள்ள வீட்டுக்காரவுக நம்ம வீட்ட அளந்து தங்க பேருக்கு எழுதிக் கேக்க வந்துட்டாகன்னுல்ல ஊரு பேசும்."

"சின்னப் புள்ளைக ஓடிவந்து இடிச்சாலும் சாயாது லாத்தா. அதான்."

"கூர வச்சு பளிங்குத் தரையில ஊனுவியா?"

"பழைய ரப்பர் செருப்ப வெட்டி அடியில போட்டுக்கலாம்மா," என்றார் கடைக்காரர். "காலு அகலாம ஒரு கயிறும் சுத்திட்டா ஆச்சு."

"கருகமணி கட்டுற கூடத்துல செருப்பா? நல்லாருக்குய்யா ஒங்க யோசன."

நஸீரா மஞ்சள் முக்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு காலைத் தட்டிப் பார்த்தார். நூர் நிஷா கையைத் திரும்பப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால் தேக்கைத்தான் வாங்க வேண்டும். தேக்கை வாங்கினால் அந்த ஊசிமுனைத் துடிப்பு சுஹாவின் கழுத்தருகே வந்து நிற்கும்.

"மாடியில பழைய கதவு ஒண்ணு கெடக்கு," என்றார் நஸீரா கடைசியில். "அதத் தரையில போட்டு அதும்மேல ஊனிக்க."

காரின் பின்பெட்டியில் சீர்ச்சாமான்கள் நிறைந்திருந்தன. மடக்கிய முக்காலியை இருவர் மடிமீதும் குறுக்காகக் கிடத்த வேண்டியதாயிற்று. தலைப்பக்கம் நஸீராவிடம், கூர்ப்பக்கம் நூர் நிஷாவிடம். வளைவுகளில் நழுவாதிருக்க அவள் வலக்கையால் அதைப் பற்றியிருந்தாள். வண்டியின் உதறலில் எல்லாமே அதிர்ந்தன. அந்த அதிர்வுக்குள் தன் கை ஒளிந்திருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

பாதி வழியில், சாலையோரப் பள்ளிவாசலின் வேப்பமரத்தடியில் ஓட்டுநர் மஹ்மூது வண்டியை நிறுத்தினான். "அஸர் தொழுதுட்டு வந்துர்றேன் மாமி," என்று சாவியைத் திருப்பிவிட்டு இறங்கிப் போனான். எஞ்சின் ஓய்ந்தது. கதவுகள், கண்ணாடிகள், பின்பெட்டியின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"போன மாசம் மலிகா கல்யாணத்துல நீ எடுத்த கருகமணிப் படத்த நானும் பாத்தேன்," என்றார் நஸீரா, முன்னிருக்கையைப் பார்த்தபடி.

நூர் நிஷா அவசரமாகச் சொன்னாள்: "அன்னைக்கு விளக்கு வெளிச்சம்..."

"அவ உம்மா அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கா. முகம் எது, கை எதுன்னு தெரியல. வேற படம் இல்லேல்ல."

மரத்தின் மேலிருந்து கையை எடுத்துவிடலாம் என்று நூர் நிஷாவுக்குத் தோன்றியது. எடுத்தால் கூர் நழுவித் தன் முழங்காலில் இறங்கும். எடுத்ததே ஒரு பதிலாகவும் ஆகிவிடும். எடுக்கவில்லை. புர்காவின் கறுப்புக்கு வெளியே, மஞ்சள் மரத்தின் மேல், விரல்கள் அவளைக் கேளாமல் அதிர்ந்துகொண்டிருந்தன.

"எனக்கு ஒத்தப் புள்ள நிஷா," என்றார் நஸீரா.

பள்ளி வாசலில் யாரோ தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் நீரின் சத்தம் கேட்டது. நஸீரா தன் வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். காய்ச்சலுக்காகக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, உள்ளங்கையை விரித்து, மரத்தின் மறுமுனையில் அழுத்தாமல் வைத்தார். பின்பு, அதிர்வு அதுவரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பவர்போலக் கண்களை மூடிக்கொண்டார். நூர் நிஷா தன் விரல்களையல்ல, மூன்று முழ மரத்துக்கு அப்பால் விரிந்திருந்த அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.