பூஜையில் இருந்த சங்கிலி

ஆவடி சாலையில் உலகநாதன் நடத்திய லாரிப் பட்டறையில் அன்று மதியமே ஆயுத பூஜை முடிந்துவிட்டது. ஸ்பேனர், சுத்தியல், சங்கிலி எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு சாமி படத்தின் முன்னால் சொகுசாகப் படுத்திருந்தன. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. அந்த நேரம் பார்த்து ராணுவ முகாமுக்கு மரம் ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகி வந்து நின்றது. யுத்த காலம். மரம் போய்ச் சேராவிட்டால் முதலாளி உலகநாதனுக்குப் பெட்ரோல் ரேஷன் கூப்பன் நின்றுவிடும்.

உலகநாதன் சட்டென்று வழி கண்டுபிடித்தார். லாரி டிரைவரிடமே ஸ்பேனரும் லீவரும் இருந்தன. அவற்றால் வேலை செய்தால் சாமி குற்றம் இல்லையாம். தரையோடு முடுக்கிய டயர் மாட்டும் இயந்திரத்தை யாரும் படத்துக்கு முன்னால் தூக்கிப் போகவில்லை. அதற்கும் தோஷம் இல்லையாம். முதலாளிகளின் சாஸ்திரம் எப்போதும் இப்படித்தான் வளைந்து கொடுக்கும்.

அங்கே மெக்கானிக்காக இருந்த செங்கல்வராயனுக்கு இது சரியாகப் படவில்லை. இயந்திரத்தில் ஏற்றி நடு நட்டை முறுக்கினால் சக்கரம் அசையாது, சரிதான். ஆனால் டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம் காற்று ஏறும்போது தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அதற்காகத்தான் சங்கிலியைச் சக்கரத்தோடு சுற்றிக் கட்டுவது. டிரைவரிடம் அது மட்டும் இல்லை. காற்றுக் குழாயோடு சக்கரத்தின்மேல் குனிந்திருந்தவனோ தங்கவேல், தங்கை ராஜம்மாவின் புருஷன். கல்யாணமாகி இரண்டு மாதம். அவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே செங்கல்வராயன்தான்.

காற்று ஏறியது. வளையத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

செங்கல்வராயன் பாய்ந்து குழாயைப் பிடுங்கி, காற்றை முழுக்க இறக்கினான். தங்கவேல் பேந்தப் பேந்த விழித்தான்.

"ரிங்கு சரியா குந்தலே மாப்ளே. தள்ளி நில்லு."

வளையத்தைத் தட்டி உட்கார வைத்தான். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. முதலாளி அவசரப்படுத்தினார். செங்கல்வராயன் சங்கிலியை எடுக்கச் சாமி படத்தை நோக்கி நடந்தான்.

"அதைத் தொட்டே, நாளைலேர்ந்து இந்தப் பக்கமே வராதே," என்றார் உலகநாதன்.

எட்டு வருஷத்து வேலை. செங்கல்வராயன் கை நீட்டியபடியே நின்றுவிட்டான். அப்படி நின்றதற்காகப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டான். மறுகணம், பூக்கள் சிதற, சங்கிலியை இழுத்தான்.

சக்கரத்தைச் சுற்றி வளைத்துக் கொக்கியை மாட்டினான். தங்கவேலைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தானும் ஒதுங்கி, எட்டத்திலிருந்தே காற்றைத் திறந்தான். இருபது எண்ணுவதற்குள் பட்டறையே அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது, வளையம் வளைந்துபோய்ச் சங்கிலியில் சிக்கிக் கிடந்தது. சற்று முன் தங்கவேலின் முகம் இருந்த இடம் அது.

உலகநாதன் சிதறிய பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு நிமிராமலே, சொன்னது சொன்னதுதான் என்றார்.

செங்கல்வராயன் கையில் ஒட்டிய சந்தனத்தை வேட்டியில் துடைத்தான். தங்கவேலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"உடு மச்சான், கை வலிக்குது," என்றான் தங்கவேல்.

ஆவடி ஸ்டேஷன் வந்து, வீட்டுக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் செங்கல்வராயன் விடவில்லை.