ஒரு லிட்டர் தலைவலி

அமிர்தவல்லிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடைக்கானலில் ஜெயச்சந்திரனின் டிராவல்ஸ் கடையில், கையில் லைசென்ஸ் இருந்தும், ஆறு வருஷமாக டெலிபோன் எடுத்தவள் அவள். வண்டி இருக்குங்க, வண்டி இல்லீங்க என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள். இன்றைக்கு அவளே ஓட்டப்போகிறாள். அதுவும் கல்யாணப்பெண்ணை வைத்து.

கடைத்தெருவில் தைலக்கடை வைத்திருக்கும் சம்சுல் ஆலத்தின் மகள் அஸ்ஃபியாவுக்கு வத்தலக்குண்டில் நிக்காஹ். அந்தப் பெண்ணுக்கு மலைப்பாதை ஆகவே ஆகாது. பெருமாள்மலை தாண்டுவதற்குள் மூன்று தரம் வாந்தி எடுத்துவிடுவாள் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. ஆம்பளை டிரைவர் முன்னால் பிள்ளை கூச்சப்படும், பொம்பளை ஓட்டினால்தான் ஆச்சு என்று அவள் அம்மா ஆசியா ஒற்றைக் காலில் நின்றாள். ஜெயச்சந்திரன் அரை மனதாகப் புது வெள்ளைக் காரின் சாவியை முந்தின நாள் சாயந்திரமே கொடுத்துவிட்டார்.

"வண்டிக்கு ஒரு குறை வந்துச்சு, மறுபடி டெலிபோன்தான். பாத்துக்கம்மா," என்றார்.

காரை நிறுத்த அவள் இடம் தேடியதைப் பார்த்திருக்க வேண்டும். பேரிக்காய் மரத்தடி வேண்டாம், பறவை எச்சமிடும். ரோட்டோரம் வேண்டாம், லாரிக்காரன் உரசிவிடுவான். தேடித் தேடி, பூவும் பழமும் பறவையும் இல்லாத ஒரு பைன் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். கரண்டு கம்பிக்கு இடைஞ்சல் என்று அந்த மரத்தின் கிளைகளை அன்று காலையில்தான் வெட்டியிருந்தார்கள். மகாராணி அண்ணாந்து பார்த்தால்தானே.

விடிந்து வந்து பார்த்தால் பானெட் பூராவும் பிசின். சொட்டுச் சொட்டாக விழுந்து, தேன் நிறத்தில் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பத்து மணிக்குப் பெண் ஏற வேண்டும். நகத்தால் சுரண்டப் போனவள் கீறல் நினைப்பு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் பெரும்பாறைக்காரி. பலாப்பழம் அரிந்தே வளர்ந்தவள். அங்கே பிசுக்கு என்றால் பலாப்பால், பலாப்பாலுக்கு மருந்து தேங்காயெண்ணெய். வேறு யோசனைக்கே இடமில்லை. வீட்டுக்கு ஓடி எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல் பானெட் முழுக்கத் தேய்த்தாள். பலாப்பாலாக இருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். இந்தப் பிசின் அசையவில்லை. போதாததற்கு அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. பைன் மரம் தன்னிடமிருந்த மஞ்சள் மகரந்தத்தையெல்லாம் உதறியது. எண்ணெயில் அது அப்படியே அப்பிக்கொண்டது.

நலங்கு வைத்த மாதிரி நின்றது கார். அமிர்தவல்லிக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. இரண்டும் சேர்ந்து தலை விண்விண்ணென்று தெறிக்க, கைப்பையிலிருந்த யூகலிப்டஸ் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தாள். குப்பி சரிந்து நாலு சொட்டு பானெட்டில் விழுந்தது. சனியன், இது வேறா என்று துப்பட்டா நுனியால் துடைத்தாள். பிசின் வெல்லப்பாகாக இளகித் துணியோடு வந்துவிட்டது. அடியில் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது.

சந்தோஷத்தில் அந்த இடத்தை இன்னொரு தரம் துடைத்தாள். ஆனால் கையில் இருந்தது கட்டைவிரல் அளவு குப்பி. காலை ஆறரை மணிக்குத் தைலம் வேண்டுமென்றால் ஊரில் ஒரே கதவுதான். அது பெண்வீட்டுக் கதவு.

சம்சுல் ஆலம் பாதி சவரத்தில், ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து திறந்தார்.

"எங்க மொதலாளிக்குத் தலைவலிங்க பாய். தைலம் வேணும்."

"எவ்வளவும்மா?"

"ஒரு லிட்டருங்க."

அவர் அவளுடைய எண்ணெய்க் கையைப் பார்த்தார். முழங்கை வரை அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பாட்டில் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். "வெயில் ஏர்றதுக்குள்ள வெரசா தேச்சிரு. பைன் பிசின் காஞ்சா பொல்லாதது," என்றார். அமிர்தவல்லிக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போக நேரமில்லாததால் திரும்பி ஓடினாள்.

துணியை நனைத்து ஒவ்வொரு சொட்டின்மேலும் ஒற்றி வைத்தாள், இளகினதும் வழித்தாள். பிறகு ஷாம்பூ போட்டு இரண்டு தரம் கழுவினாள். ஒன்பதரைக்கு ஜெயச்சந்திரன் வந்தபோது பானெட்டில் அவர் மீசை தெரிந்தது. கீறல் தேடி ஒரு சுற்று சுற்றிவந்து ஏமாந்தார். கதவைத் திறந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலத் துணிகளையெல்லாம் அவள் உள்ளேதான் போட்டு வைத்திருந்தாள். இது வண்டியா ஆஸ்பத்திரியா என்று கத்தினார். பொண்ணு இறங்கி ஒரு வார்த்தை குறை சொன்னால் டெலிபோன்தான் என்று மறுபடியும் சொன்னார். வேறு வண்டிக்கு நேரமில்லை.

மல்லிகையும் அத்தருமாக வந்து ஏறிய அஸ்ஃபியா மூச்சை இழுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆசியா இரண்டு பிளாஸ்டிக் பைகளை விரித்துத் தயாராக வைத்துக்கொண்டாள். அமிர்தவல்லி ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் வைத்து ஓட்டினாள். பெருமாள்மலை வந்தது, போனது. பை காலியாகவே இருந்தது. ஊத்து கிராமம் வந்தபோது பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, அந்த வாசனைத் துணி ஒண்ணு குடுங்களேன்."

அதன்பிறகு மணப்பெண் அழுக்குத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வெளியே வேடிக்கை பார்த்தபடி இறங்கினாள். இருபது வயதில் அவள் அந்த மலையைக் கண் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். வத்தலக்குண்டில் இறங்கும்போது கண்மை கூடக் கலையவில்லை. வண்டியை மட்டும் கழுவிவிடாதீர்கள், மறுவீட்டுக்கும் இதிலேதான் வருவேன் என்று அமிர்தவல்லியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அமிர்தவல்லிக்கு அந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது.

குதிக்காமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முதலாளியை அழைத்தாள். அதற்குள் ஆசியா மண்டபத்திலிருந்து பேசியிருந்தாள். அஸ்ஃபியாவின் இரண்டு சின்னம்மாக்களுக்கும் மலையேறித் திரும்ப அந்தத் தைல வண்டிதான் வேண்டுமாம், அந்த டிரைவரம்மாதான் வேண்டுமாம்.

"வெரசா வந்து சேரும்மா," என்றார் ஜெயச்சந்திரன். "டெலிபோன் விடாம அடிச்சுக்கிட்டே கெடக்கு. எடுக்க ஆளில்ல."

"நீங்களே எடுங்கண்ணே," என்றாள் அமிர்தவல்லி. "எனக்கு வண்டியில சோலி இருக்கு."