இரண்டாம் தடவை கொடுத்த கால்

ஒரே காலை ஒரே ஆளுக்கு எத்தனை தடவை கொடுக்கலாம்? விவரம் தெரியாதவர்கள் ஒரு தடவை என்பார்கள். அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், பணம் தருகிற நாடு எத்தனையோ அத்தனை தடவை என்று சிரிக்காமல் சொல்வார்கள். போன வருஷம் ஒரு நாட்டுக்காரர்கள் காசில் செய்த செயற்கைக் காலை, இந்த வருஷம் இன்னொரு நாட்டுக்காரர் கையால் மறுபடி கொடுக்க வைப்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்!

ரேடியோவுக்கு அங்கே மொழிபெயர்க்கிற வேலை. ரேடியோ என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயசில் வாயை மூட மாட்டாள். வெளிநாட்டு விருந்தாளி சொல்வதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் சொல்வதை விருந்தாளிக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் வேலையைப் புதுப்பித்தால்தான் உண்டு. அப்படிப் புதுப்பிக்கிற மாசமாகப் பார்த்து, நிறுவனத்தை நடத்துகிற மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

மேடம் சும்மா யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். "நல்லா நடக்கிறார் மேடம். திங்கக்கிழமை வேலைக்குச் சேர்றார்."

"சந்தோஷம். வெள்ளிக்கிழமை, போன வருஷம் நாம கொடுத்த காலைக் கழட்டிட்டு, ஊன்றுகோலோட வரச் சொல்லு. ஆர்டர் பண்ணின புதுக் கால் எதுவும் பட்டறையிலிருந்து வரல, விருந்தாளி வந்து நிக்கப்போறார். அவர் கையால வாங்கி, மாட்டிட்டு, நாலடி தள்ளாடி நடந்தாப் போதும். அப்புறம் கால் உங்க அண்ணனுதுதானே, யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

அண்ணனுக்கு அது வெறும் கால் இல்லை. பஸ் சக்கரம் ஏறி முழங்காலுக்குக் கீழே கால் போன பிறகு, அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "அவர் வேலைக்குப் போகட்டும், மறுநாளே வந்து நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். வேலை கிடைத்ததோ படாத பாடுபட்டு. துணி வெட்டுகிற கம்பெனி. நாள் முழுக்க மேஜை முன்னால் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அவனை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, சுற்றிவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினான். "திங்கக்கிழமை நீ நிக்கலேன்னா, வாசல்ல நிக்கிறவன் உள்ள வந்துடுவான்" என்றும் சொல்லி அனுப்பினான். ஒரு வருஷமாகப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, இப்போதுதான் அந்தக் கால் அவன் சதையோடு சண்டையை நிறுத்தியிருந்தது.

"ஏன்டி ரேடியோ, கட்டின பொண்டாட்டியையே மறுபடி கட்டிக்கச் சொல்றாங்களா உங்க ஆபீஸ்ல?" என்று அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "முடியாதுன்னு சொல்லிடு" என்றான்.

"பத்து நிமிஷம்ணா. என் வேலை இருந்தாத்தான் உன் தட்டுல சோறு."

ஒரு வருஷமாக அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னதும் அவளுக்கே நாக்கு கசந்தது. அண்ணன் பட்டையை அவிழ்த்து, காலை அவள் மடியில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை அந்தக் காலைத் துடைத்து, பாலிஷ் போட்டு, வண்ணக் காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். அண்ணனின் பேண்ட்டை மடித்து ஊக்குப் போட்டது அவள்தான். கூடத்தில் ஓரமாக ஒரு பெஞ்சு. கால் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைதட்ட ஆள் வேண்டுமே.

விருந்தாளி ரிப்பனை வெட்டினார். அண்ணன் வாங்கினான், மாட்டினான், எழுந்தான். "தள்ளாடுண்ணா" என்று ரேடியோ உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். ஆனால் ஒரு வருஷம் விழுந்து விழுந்து நடக்கப் பழகினவனை, மறுபடி விழுந்து காட்டு என்றால் அவன் எப்படிக் காட்டுவான்? கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விறுவிறுவென்று நடந்தான். திரும்பினான். கம்பெனி மேஜை முன்னால் நிற்கப்போகிற மாதிரியே நிமிர்ந்து வந்து நின்றான்.

மேடம் முகத்தில் ஈயாடவில்லை. குட்டு உடைந்தது என்று ரேடியோ பயந்தாள். உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

விருந்தாளிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாட்டின நிமிஷமே நடக்க வைக்கிற காலை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். இந்தக் காலை ஊருக்கு எடுத்துப் போய்த் தலைமை அலுவலகத்தில் காட்டினால், இருநூறு பேருக்குக் கால் வாங்கித் தர முடியுமாம். இவருக்குச் சில மாசத்தில் வேறு கால் வந்துவிடுமாம். "ஆனால் அவர் சம்மதம் வேண்டும்" என்று கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். "அவர் கால், அவர் உரிமை. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்டுச் சொல்லுங்கள்." நல்ல மனுஷன்தான், பாவி.

மேடம் சிரித்த முகம் மாறாமல், "பார்த்துச் சொல்லு. இது பழைய கால்னு தெரிஞ்சா எல்லாரும் தெருவுலதான்" என்றார்.

இருநூறு பேர் கணக்கையும் சேர்த்துத் தமிழில் சொல்லி, ரேடியோ அண்ணனிடம் கேட்டாள்.

"தர மாட்டேன்னு சொல்லு" என்றான் அண்ணன். கூடம் முழுக்கக் கேட்டது. "திங்கக்கிழமை எனக்கு வேலை. இது போன வருஷமே எனக்குக் கொடுத்த கால்னு சொல்லு. சொல்லுடி!"

அவள் விருந்தாளி பக்கம் திரும்பினாள். "மனசாரத் தருகிறாராம். தன்னைப் போல இருநூறு பேர் நடந்தால் அதுவே போதும் என்கிறார்" என்று அவர் மொழியில் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை.

பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் அண்ணன் சொன்னது புரிந்திருந்தது. விருந்தாளி முகம் மலர்ந்ததைப் பார்த்து, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் புரிந்திருந்தது. முதலில் கைதட்டியது அந்தப் பெஞ்சுதான்.

விருந்தாளி தானே மண்டியிட்டுப் பட்டையை அவிழ்த்தார். அண்ணன் தடுக்கவில்லை, ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான். காரின் பின் இருக்கையில் காலை உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னே?" என்று கேட்டான்.

"இருநூறு பேருக்குண்ணா" என்று அழுதாள்.

"அதுல நான் எத்தனாவது ஆளு?"

திங்கக்கிழமை கம்பெனியில் வேறொருத்தன் போய் நின்றான். அண்ணி வரவில்லை. ரேடியோவின் வேலை புதுப்பிக்கப்பட்டது. விருந்தாளியிடமிருந்து ஒரு படம் வந்தது: பளபளவென்று ஒரு கூடம், நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே அண்ணன் கால். இருநூறு கால் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஆய்வு நடக்கிறது என்று பதில் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒருநாள் சோறு வடிக்கிற நேரத்தில் மேடம் போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் ரேடியோ ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடுத்த வாரம் வேற நாட்டு ஆளுங்க வராங்க. அண்ணனைக் கூட்டிட்டு வந்துடு. இந்தத் தடவை கழட்டுற வேலைகூட இல்ல பாரு."

"கால்... கொடுப்பாங்களா மேடம்?"

"பட்டறையிலிருந்து ஒண்ணு இரவல் வாங்கி வைக்கிறேன். அவர் அளவுக்குச் சேராது, அதனால நடக்கவும் மாட்டார். போன தடவை மாதிரி வம்பு இல்ல."

ரேடியோ அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முடியாது என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்கு மேடம்?" என்றாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே பேண்ட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஊக்கை எங்கடி வெச்சே?" என்று கேட்டான்.

அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள்.