ஏழுக்கு ஆறு

இரண்டுக்குப் பதினொன்று. கைப்பேசியில் அதைப் பார்த்ததும் கிறிஸ்ரினா கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு கேவலமாகத் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். எஸ்-பான் ரயிலில் இன்னும் நான்கு தரிப்பிடங்கள் இருந்தன. அதற்குள் இந்தத் தோல்வியை ஒரு வெற்றியாக்கி அப்பாவிடம் கொண்டுபோக வேண்டும்.

பெரிய வெற்றியாக இருந்தால் நம்பமாட்டார். போன முறை ஒன்பதுக்கு ஒன்று என்று சொன்னபோது புருவத்தை உயர்த்தினார். அதற்கு முந்திய முறை அவசரத்தில் "ரெண்டுக்கு ரெண்டு, சமன்" என்று சொல்லிவிட்டாள். "பேஸ்போலில சமன் இல்லைப் பிள்ளை. ஒரு பக்கம் தோக்குமட்டும் விளையாடவேணும்" என்றார். உடனே மூன்றுக்கு இரண்டு என்று மாற்றினாள். அவரும் தலையாட்டினார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழுக்கு ஆறு என்று சொல்லலாம். கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் இழுபட்டதாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும்.

அவளுக்கு இந்த விளையாட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. அப்பா றெஜினோல்ட் இருபத்தொரு வருடங்கள் ஹெரன்ஸ் என்ற பேஸ்போல் அணியின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் கிடைத்த நிரந்தர வேலை அது. புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, கொடி ஏற்றுவது எல்லாம் அவர்தான். நகரசபைக் கொடியாக்கும் என்று கிறிஸ்ரினா நினைத்திருந்தாள். இருபத்தொரு வருடத்தில் ஒரு ஆட்டத்துக்காவது அவள் போனதில்லை. அப்பா கூப்பிடாமல் இல்லை.

பழைய மைதானத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று புதிதாக ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். மூவாயிரம் பேர் இருந்து பார்க்கலாம். போன இலையுதிர்காலத்தில் அங்கே புல் பதித்தது அப்பாதான். முழங்காலில் நின்று நின்று காற்சட்டை இரண்டும் கிழிந்துபோனது. "புது இடத்தில முதல் வெற்றிக்கு நான் அங்க நிக்கவேணும்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். மார்ச்சில் வயிற்றுவலி வந்தது. ஏப்ரலில் ஸ்டேடியம் திறந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

டொக்டர் சொன்னது அவளிடம்தான். கணையத்தில் புற்றுநோய், வருடங்கள் இல்லை, மாதங்கள்தான் என்றார். அப்பா பக்கத்துக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எட்டு வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். கடிதம் வந்தால் அவள் வாசிப்பாள், டேர்மீன் என்று எங்காவது நேரம் குறித்துக் கூப்பிட்டால் கூடப் போவாள். அப்பாவின் ஜெர்மன் புல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போதும், டொக்டர்மாரின் ஜெர்மனுக்குப் போதாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "மருந்து மாத்தினாச் சரிவருமாம் அப்பா" என்றாள். அப்பா எழும்பி டொக்டருக்குக் கை கொடுத்தார். அம்மா முதல்நாளே சொல்லியிருந்தாள்: "கூடாத கதையெண்டா அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னா மனுசன் அண்டைக்கே விட்டிடும்."

ஜூலையில் அவரை ஹொஸ்பிற்சுக்குக் கொண்டுவந்தார்கள். சாகப்போகிறவர்களை வைத்துப் பார்க்கிற வீடு. வாசலில் அந்தப் பெயர் ஆளுயர எழுத்தில் இருந்ததால், அவள் சக்கர நாற்காலியைப் பின்வாசலால் தள்ளிக்கொண்டு போனாள். "இது தேறுமட்டும் இருக்கிற இடம் அப்பா." அன்றைக்கு அவர் முகம் விழுந்து கிடந்தது. புது ஸ்டேடியத்தில் முதல் எட்டு ஆட்டங்களும் தோல்வி என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கமாட்டாமல்தான், "இண்டைக்கு உங்கட ஆக்கள் வெண்டிட்டாங்களாம்" என்று முதலாவது பொய்யைச் சொன்னாள். இன்றைக்குச் சொல்லப்போவது ஆறாவது. வெளியூர் ஆட்டங்களை அவர் கேட்பதில்லை, அது அவருடைய புல் இல்லை.

அறை வாசலில் அம்மா டொறத்தி செபமாலையோடு நின்றாள். கிறிஸ்ரினாவை ஓரமாக இழுத்தாள்.

"மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. பங்குச் சுவாமியைக் கூப்பிடுவமே? கண் மூடமுந்தி எண்ணெய் தொட்டுப் பூசுதல் குடுக்கவேணும் பிள்ளை."

"சுவாமியைக் கண்டா அப்பாவுக்கு எல்லாம் விளங்கியிடும் அம்மா. நாளைக்குச் சும்மா பாக்க வந்தமாதிரி வரச்சொல்லி இருக்கிறன்."

"நாளைக்கோ?"

"ஓம். நாளைக்குக் காலமை."

அம்மா செபமாலையின் விட்ட மணியைத் தேடிப் பிடித்தாள்.

அப்பாவின் கட்டில் ஜன்னலோரம். அந்தக் கட்டில் வெறுமையாகும் வரை காத்திருந்து, தாதியிடம் கேட்டு மாறியிருந்தார். சரிவுக்குக் கீழே கூரைகள், அதற்கப்பால் ஸ்டேடியத்தின் விளக்குக் கோபுரங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கம்பம். கிறிஸ்ரினா அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்தாள். எலும்பு மட்டும்தான் இருந்தது. கண்ணைத் திறந்தார்.

"எப்பிடிப் பிள்ளை?"

"வெண்டாச்சு அப்பா. ஏழுக்கு ஆறு."

"ஏழுக்கு ஆறோ." தலையை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கஷ்டப்பட்டுத்தான் வெண்டிருக்கிறாங்கள்."

"கடைசி இன்னிங்ஸ்மட்டும் ஆறுக்கு ஆறு எண்டு நிண்டதாம். பிறகு அந்த நெட்டைப் பெடியன் ஒரு அடி அடிச்சானாம். பந்து வேலிக்கு அங்கால போட்டுதாம்."

"புல்லு?"

"என்ன அப்பா?"

"புல்லு எப்பிடி இருந்ததாம்?"

அதற்கு அவள் ஆயத்தமாக வரவில்லை. "பச்சைப்பசேலெண்டு இருந்ததாம்."

அப்பா சிரித்தார். "அது உண்மையாத்தான் இருக்கும்."

வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. "திரைச்சீலையை மூடட்டே அப்பா? கண்ணில அடிக்குது."

"வேண்டாம். திறந்து கிடக்கட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்காண்டி நெடுக ஓடித்திரியிறாய். சாப்பிட்டியே?"

"பிறகு சாப்பிடுறன்."

"இல்லை. போய்ச் சாப்பிடு."

சமையலறையில் யாரோ வைத்துப்போன பாணும் சீஸும் இருந்தன. பசிக்கவில்லை, சொன்னாரே என்று சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது. ஓடிவந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கிடந்தார். ஆறரை மணி. வெளியில் இன்னும் நல்ல வெயில்.

"பூசுதல் இல்லாமப் போட்டாரே" என்று அம்மா தலையிலடித்து அழுதாள். "ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம, ஒரு பாவசங்கீர்த்தனம் இல்லாமப் போட்டாரே என்ர மனுசன்." அவள் கிறிஸ்ரினாவைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லைப் போல் இருந்தது.

ஜெர்மனியில் செத்தவரும் டேர்மீனுக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அம்மா அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கும்போதும் சொன்னாள். கனடாவிலிருந்து போன் எடுத்தவர்களுக்கும் சொன்னாள். கிறிஸ்ரினா ஒவ்வொரு முறையும் அறையை விட்டு வெளியே போனாள். தன் வாய்தான் அப்பாவை ஏமாற்றியது, சுவாமியைத் தள்ளிவைத்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மனுசன் ஒரு பொய்யை நம்பிக்கொண்டுதான் போனார் என்ற நினைப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மயானத்துச் சிற்றாலயத்தில் பெட்டி திறந்திருந்தது. அப்பாவுக்குக் கறுப்புக் கோட். வாழ்நாளில் இரண்டு முறை போட்டது. சனங்கள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். கடைசியாக ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ஹோல்கர். அப்பாவோடு மைதானத்தில் வேலைசெய்தவர், வீட்டுக்கும் இரண்டொரு தரம் வந்திருக்கிறார். வெயிலில் சிவந்த கழுத்தை இறுக்கிய டை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து மடித்த நீலத்துணி ஒன்றை எடுத்தார்.

"இதைப் பெட்டிக்குள் வைக்கலாமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"என்ன இது?"

"வெற்றிக்கொடி. நம் மைதானத்தில் வென்றால் ஏற்றுவோம், அடுத்தநாள் காலைவரை பறக்கும். ஏற்றுவது எப்போதும் றெஜினோல்ட்தான். புது ஸ்டேடியத்துக்கென்று புதிதாகத் தைத்தது இது. பதினான்கு ஆட்டம், பதினான்கு தோல்வி. ஒரு முறைகூட அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை."

கிறிஸ்ரினாவுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற வெள்ளைக் கம்பம் கண்ணுக்குள் வந்தது.

"அந்தக் கம்பம் அவருடைய கட்டிலிலிருந்து தெரியும்" என்றாள்.

"அதற்காகத்தானே அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கினார்." ஹோல்கர் தரையைப் பார்த்தார். "நான் செவ்வாய்க்கிழமைகளில் போவேன். என்ன ஸ்கோர் என்று கேட்கமாட்டார். மகள் இந்த முறை என்ன சொன்னாள் என்று சொல்லுவார். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு முறை சமன் என்றீர்களாமே?"

கிறிஸ்ரினா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நோய் வருத்தத்தைப் பற்றியும் அப்படித்தான். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. என் பிள்ளை அந்த டொக்டருக்கு முன்னால் அழாமல் இருக்க என்ன பாடுபட்டாள் தெரியுமா, அதை நான் வீணாக்கமாட்டேன் என்றார். ஜூலையில் பாதிரியாரைக் கூட்டிவந்தது நான்தான். எண்ணெய் பூசி, நற்கருணை கொடுத்தார். மனைவிக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள், சொல்லாதே என்றார். அடக்கம் நடக்கும் நாளில் இந்தக் கொடியை ஏற்றுகிறேன் என்று சொன்னதற்கு என்னோடு சண்டை பிடித்தார். தோற்றவர்களுக்குக் கொடி இல்லையாம்."

ஹொஸ்பிற்சில் எட்டு வாரம். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு மனுசன், அதைப் பற்றிப் பெண்சாதியோடும் ஒரு சொல் பேசவில்லை, பிள்ளையோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறவரோடு பேசியிருக்கிறார், அதுவும் அவள் போதாது என்று தள்ளிவைத்த அந்த ஜெர்மனில். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்ன வெற்றியைக் கேட்டிருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியவை எத்தனையோ இருந்தன. அவருக்கும் சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். அவர் வாயை அடைத்தது வருத்தம் இல்லை, அவள்தான்.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னவாம் பிள்ளை? அவர் என்ன சொல்லுறார்?"

கிறிஸ்ரினா அம்மாவைப் பார்த்தாள். பழக்கதோஷம், ஒரு நல்ல பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூசுதல் நடந்ததை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடலாம்.

"அப்பாவுக்குத் தெரியுமாம் அம்மா."

"என்ன தெரியுமாம்?"

"எல்லாம்."

டொக்டர் சொன்னது, ஹொஸ்பிற்ஸ், கம்பம், கொடி, செவ்வாய்க்கிழமை, பாதிரியார், பயந்துவிடுவாள் என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லைக்கூட விடவில்லை, மாற்றவும் இல்லை. 

அம்மா எண்ணெய் பூசினதா என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். ஓம் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் பக்கத்திலதானே இருந்தனான்" என்றாள் பிறகு. "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

ஹோல்கர் கொடியை நீட்டியபடியே நின்றார். அம்மா அதை வாங்கி விரித்தாள். நீலத்துணியில் அணியின் சின்னமான வெள்ளைக் கொக்கு ஒன்று. அப்பாவின் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை போர்த்தினாள். மாதக்கணக்காக மடிந்து கிடந்ததில் கொக்கின் கழுத்துக்குக் குறுக்கே மடிப்பு ஆழமாக விழுந்திருந்தது.

"முதலே தெரிஞ்சா அயன் பண்ணியிருப்பன்" என்றாள்.

உள்ளங்கையால் அந்த மடிப்பை அழுத்தித் தடவினாள். கையை எடுத்ததும் அது திரும்பவும் எழும்பியது. கிறிஸ்ரினா மற்றப் பக்கமாக வந்து நின்று, துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். அம்மா திரும்பவும் தடவினாள்.