அம்புத் துளை வழியே ரொட்டி

வாசற்படியைக் கண்ணாடியால் மூடிய அன்று எனக்கு வந்த கோபத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக. அது இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ராவன்ஷீல் மாளிகையின் வாயிற்காவல் என் வேலை. ஸ்காட்லாந்து எல்லையோரத்தில் இருக்கிறது. வீடு பாதி, கோட்டை பாதி; இப்போது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன், கொள்ளையர் பாய்ந்து வந்த ஒரு குளிர்காலத்தில், இதைக் கட்டிய ரனல்ஃப் பிரபு பயந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. தட்டித் தட்டி ஓய்ந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வாசலிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதற்குப் பிராயச்சித்தமாக அவர் ஒரு நேர்ச்சை செய்தார்: இந்தக் கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு குவளை பீரும் பெறாமல் திரும்பக் கூடாது. அன்றிலிருந்து பசித்த கால்கள் மிதித்து மிதித்து, படியின் நடுப்பகுதி தொட்டிபோலக் குழிந்துவிட்டது.

"அந்தக் குழிதாங்க இந்த வீட்டோட பொக்கிஷம்," என்றார் புது நிர்வாகி லயனல். "இன்னும் தேய விடலாமா? அதான் கண்ணாடி போட்டுக் கதவைப் பூட்டிட்டோம். டிக்கெட் எடுக்கறவங்க பின்வாசல் வழியா வரட்டும்."

"ரொட்டி கேட்டு வர்றவங்க?"

"அந்த வழக்கத்தைப் பத்திப் பலகையில அழகா எழுதி வச்சிருக்கோமே, மிசஸ் சார்ல்டன்."

"பலகையைக் கடிச்சுத் தின்னச் சொல்றீங்களா, ராசா? பசிச்சவன் கால் தேச்ச குழியைக் காப்பாத்த, பசிச்சவனையே விரட்டுறீங்க. ரனல்ஃப் பிரபுவாவது பயத்துல பூட்டினாரு. உங்களுக்கு என்ன கேடு?"

அவர் முகம் சிவந்தது. "கல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

"மனுஷனுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்."

அப்போது யாரோ தடியால் கதவைத் தட்டினார்கள். கதவோரச் சுவரில் இருந்த அம்புத் துளை வழியே பார்த்தேன். வில்ஃப். கை முடமான பிறகு ஆட்டுமயிர் கத்தரிக்கும் வேலை போய், ஊர் ஊராக நடப்பவர். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

"என்னம்மா இது, கல்லுக்குச் சளி புடிச்சிருக்கா? கண்ணாடியால மூடி வச்சிருக்கீங்க!"

சாவி கேட்டேன். லயனல் தரவில்லை. ரொட்டியை மெல்லிய துண்டாக அறுத்து அந்தத் துளைக்குள் நுழைத்துத் தள்ளினேன். அம்பெய்து ஆளைக் கொல்ல வெட்டிய துளை அது.

"பீர் எங்கம்மா? பாதி தர்மந்தானா?" என்று வெளியே சிரித்தார் வில்ஃப்.

குவளை துளைக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தேன், பீர் என் முழங்கையில் வழிந்ததுதான் மிச்சம். அழுகையும் ஆத்திரமுமாக நின்றேன். லயனல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குவளையை என் கையிலிருந்து வாங்கி, நிறைத்துக்கொண்டு, குடைகூட எடுக்காமல் பின்வாசல் வழியே போனார்.

அகழியைச் சுற்றி அவர் முன்வாசலுக்கு வந்து சேர்ந்ததைத் துளை வழியே பார்த்தேன்; அவரும் நனைந்திருந்தார். வில்ஃப் வாயில் வளைவின் கீழே ஒதுங்கி இடம் கொடுத்தார். ரொட்டியைப் பிட்டுப் பாதியை நீட்டினார். "சாப்பிடு தம்பி, நீயும் தட்டினவன் மாதிரிதான் இருக்கே." லயனல் தயங்கி, வாங்கித் தின்றார்.

திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தார். நான் நன்றி சொல்லவில்லை, கோபம் அப்படி. சாவியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தூக்க ஆள் தேடிப் போனேன்.