அபூ காயிபின் மூத்த பிள்ளை

பிறப்பதற்கு முன்பே காயிபுக்குக் கால் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் பத்ரியா அவனுக்கு ஓர் அளவு பெரிய செருப்பாகப் பார்த்து வாங்குவாள். அடுத்த பெருநாளுக்குள் அது தேய்ந்துவிடும். இராக்கில், அமாராவில் எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. கல்யாணமாகியும் பிள்ளை இல்லாத ஆணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனம் நோகும் என்று எங்கள் பக்கத்தில் அபூ காயிப் என்பார்கள். இன்னும் வந்து சேராதவனின் அப்பா என்று அர்த்தம். தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டும் லாஸிமை, பத்ரியாவின் கணவரை, ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கோடையில் கரண்ட் போகும்போதெல்லாம் மாடிக்கு மாடி அபூ காயிப், அபூ காயிப் என்று கத்தல். அத்தனை பேர் அத்தனை தடவை கூப்பிட்டால் யாரால் வராமல் இருக்க முடியும்? ஒரு மத்தியானம் காயிப் வந்துவிட்டான்.

அவனை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூன்றாவது தட்டில் வைத்த சோறும் வெண்டைக்காய்க் குழம்பும் காலியாகும். டீ கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையை வழித்துத் தின்றுவிடுவான். ரொட்டிக்காரி ஒரு ரொட்டியைக் கூடுதலாகப் போட்டு, சூடாக இருக்கிறது, வாயைச் சுட்டுக்கொள்ளாதே என்று பத்ரியாவின் பக்கத்தில் இருந்த காற்றிடம் சொல்வாள். கடைத்தெருவில் பத்ரியாவின் அபாயா அங்கியின் ஓரத்தை ஒரு கை பிடித்துக்கொண்டே வரும். எல்லாம் சந்தோஷம்தான். ஆனாலும் அவளுக்கு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குனிந்து தூக்கினால் வெறுங்கைதான் திரும்பி வரும். அதனால்தான் இருவரும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் நாஹித் கெய்ரோவிலிருந்து வந்தவர். கெட்டிக்காரர், நல்ல மனசுக்காரர். எங்கள் ஊர் மரியாதை மட்டும் அவருக்குத் தெரியாது. கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அபூ காயிப் என்றார் லாஸிம். ஓகோ, காயிப் என்று ஒரு பையன் இருக்கிறான், அப்படியானால் அப்பாவிடம் குறையில்லை, முதல் பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காயிப் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டபோதெல்லாம், நன்றாகச் சாப்பிடுகிறான், செருப்புதான் நிற்பதில்லை என்று பத்ரியா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் போயிற்று. பத்ரியாவின் கையில் ரத்தம் எடுக்காத நரம்பு மிச்சமில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள்; அன்று வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. டாக்டருக்குத் தலை சுற்றியது. கடைசியில் அடிப்படையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்து, மூத்தவன் சுகப்பிரசவமா, ஆபரேஷனா என்று கேட்டார்.

"அவன் இன்னும் பிறக்கலையே, டாக்டர்," என்றாள் பத்ரியா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸ் நம்மூர்க்காரி, அவள்தான் விளக்கிச் சொன்னாள். டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு பத்ரியாவின் ஊசி குத்திய கைகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என்னை மன்னிச்சிடும்மா என்றார். அன்று சாயங்காலமே லாஸிமின் கையில் மூடிபோட்ட சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொடுத்து, சோதனைக்கு விந்தை வீட்டில் எடுத்து, உடம்புச் சூடு ஆறாமல் அரை மணிக்குள் கொண்டு வர வேண்டும் என்றார்.

லாஸிம் அந்தக் கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு வாரக்கணக்கில் அதன் பக்கமே போகவில்லை. வெட்கம் என்றுதான் பத்ரியா நினைத்தாள். ஒருநாள் அவர் உள்ளதைச் சொன்னார். ஒன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் காயிப் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பான், போய்விடுவானே என்றார். பத்ரியாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. இரவெல்லாம் தலையணை நனைந்தது. ஆனாலும் காலையில் எழுந்து கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஊசியெல்லாம் நான் குத்திக்கிட்டேன். நீங்க ஒரு கிண்ணத்தைத் தூக்கிட்டு வாங்க, போதும். அவன் போயிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம்."

ஆஸ்பத்திரி டைக்ரிஸ் ஆற்றுக்கு அக்கரையில். லாஸிம் கிண்ணத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேலே கோட்டைப் போட்டு டாக்ஸியில் ஏறினார். பக்கத்தில் பத்ரியா, நடுவில் காயிப். பாலத்துச் சோதனைச்சாவடியில் வண்டிகள் அந்தக் கோடி வரைக்கும் நின்றன. இறங்கி நடந்து முன்னால் போனார்கள். சிப்பாய் மறித்து, கையைத் தூக்கச் சொன்னான். லாஸிம் தூக்கவில்லை. சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான்.

"உள்ள என்ன இருக்கு?"

"என் பையன்," என்றார் லாஸிம். "ஆறிடுவான், கண்ணு. விடு."

"பையன் பேரு?"

"காயிப்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிப்பாய் துப்பாக்கியை இறக்கினான். "முகாம்ல என்னையும் அபூ காயிப்னுதாண்ணே கூப்பிடுறாங்க," என்று மெதுவாகச் சொன்னான். பிறகு தன் ஜீப்பிலேயே இருவரையும் ஏற்றி, வண்டிகளை ஒதுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே பாலத்தைக் கடந்தான். விஷயம் வண்டிக்கு வண்டி பரவிவிட்டது. கல்யாண ஊர்வலம் போல எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். ஒரு கோழி லாரியிலிருந்து யாரோ குலவை போட்டார்கள். மறைக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஒளித்து வைத்ததை ஊரே வாழ்த்தி அனுப்பியது. லாஸிம் கிண்ணத்தை இறுக்கிக்கொண்டு அழுதார். அந்தச் சிப்பாயின் பெயரைக் கேட்க மறந்துவிட்டார். இன்றுவரை தொழுகை முடிந்ததும் பாலத்துத் தம்பி என்று சொல்லித்தான் அவனுக்காக துஆ கேட்கிறார்.

முடிவு வரும்வரை பத்ரியா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அபாயா ஓரத்தில் அந்தப் பிடி தளரவேயில்லை. டாக்டர் வெளியே வந்து, "கம்மிதான். சோம்பேறிகளும்கூட. ஆனா இருக்காங்க," என்றார். பத்ரியா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். போன வருடத்து ஊசி ஒன்றுகூட அப்போது அவளுக்கு ஞாபகமில்லை.

லாஸிமுக்கு நரம்பில் ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தது. மாத்திரை, பேரீச்சம்பழம், சிகரெட்டுக்குத் தடை. ஒரு கோடை போய் மறு கோடையில் பத்ரியா கர்ப்பமானாள். அன்றிலிருந்து மூன்றாவது தட்டில் வைத்தது வைத்தபடியே கிடந்தது. காயிப் எங்கே போயிருப்பான் என்று இருவருக்கும் புரிந்தது. பத்ரியா வயிற்றைத் தடவி, உள்ளே வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டாள். மாதம் நிறைந்து பிறந்தது பெண் குழந்தை.

நன்றி சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் ஓயவில்லை. டாக்டருக்கு ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழப் பணியாரம் போயிற்று, தெருவுக்கு ஒரு நாள் கரண்ட் இனாம். குழந்தைக்கு நிஃமா என்று பெயர் வைத்தார்கள். தெரு லாஸிமை அபூ நிஃமா என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தது, அவர் திரும்பவில்லை. ஊருக்குத் தெரியாமல் இருவருக்கும் ஒரு துக்கம் இருந்தது. இவள் வந்ததற்கு அவனைக் கொடுத்துவிட்டோமே என்று பத்ரியா அழுதாள்; பால் கொடுக்கும்போதும் அழுதாள், ராத்திரியில் கண்ணை மூடவேயில்லை.

ஏழாம் நாள் மத்தியானம், விருந்தாளிகள் போன பிறகு, நிஃமா வீறிட்டாள். பத்ரியா எழுந்திருக்கும் முன்பே மரத்தொட்டில் ஆடத் தொடங்கியது. கொஞ்சம் வேகமாகவே ஆடியது. அழுகை நின்றது. பிரசவ வீட்டில் நமக்கென்ன வேலை என்று காயிப் இத்தனை மாதம் ரொட்டிக்காரி வீட்டில் இருந்தானாம். அவளே பிறகு சொன்னாள்.

"மெதுவாடா, தங்கச்சி விழுந்துடுவா," என்றாள் பத்ரியா. சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.