ஒரே ஒரு முறை வெளியேற

ஜனவரி வந்துவிட்டால் எங்கள் நோட்டரி அலுவலகத்தில் நிற்கக்கூட இடமிருக்காது. புவெர்த்தோ மோந்த் ஊரில் பாதிப் பேருக்கு பிப்ரவரி விடுமுறையில் தெற்கே போயாக வேண்டும். போகட்டும், ஆனால் எங்கள் சிலி நாட்டுக்கு இங்கேயிருந்து தென்கோடி வரை ஒழுங்காக ஒரு சாலை கிடையாது. எங்கள் ஊருக்குக் கீழே மலையும் பனியும் கடலுமாகச் சேர்ந்து தரையைப் பிய்த்துப் போட்டிருக்கின்றன. அதனால் அர்ஜென்டினாவுக்குள் நுழைந்து, அங்கே மூன்று நாள் வண்டி ஓட்டி, மறுபடி சொந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். பிள்ளை அப்பாவோடு மட்டும் போனால் எல்லையில் அம்மாவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்கள். அம்மாவோடு போனால் அப்பாவுடையது. அந்தக் கடிதங்களை இருபத்திரண்டு வருடமாக அடித்துக் கொடுப்பவள் நான்தான்.

கூடாரம், கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டு, கிளம்புகிற அன்று காலையில் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். சிலியிலிருந்து சிலிக்குத்தானே போகிறோம், இதற்கு எதற்குக் காகிதம் என்று என்னிடம் சண்டை போடுவார்கள். பிரிந்துபோன தம்பதிகள் வந்தால் இன்னும் மோசம். அம்மாக்காரி கையெழுத்துப் போடமாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். உங்கள் சண்டைக்குப் பிள்ளையின் விடுமுறை என்ன பாவம் செய்தது, போட்டுக் கொடுங்கள் என்று நான் புத்தி சொல்வேன். இர்மா தப்பிப் பிறந்துவிட்டாள், பாதிரியாராகப் போயிருக்க வேண்டியவள் என்று பக்கத்து மேசை ஓரியெத்தா கிண்டல் செய்வாள்.

இந்த ஜனவரியில் என் முறை வந்தது.

நிபால்தோ என் பழைய கணவன். அந்தத் தெற்குச் சாலையில் பதினோரு வருடம் லாரி ஓட்டியவன். போக மூன்று நாள், சரக்கு இறக்க இரண்டு நாள், வர மூன்று நாள், வீட்டில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் முன்பு, வேலை அங்கேதானே இருக்கிறது என்று சொல்லிச் சிலியின் தென்கோடியில் சாலை முடிகிற புந்தா அரேனாசிலேயே வீடு எடுத்துக்கொண்டான். வேலை மட்டுமில்லை என்பது பிறகு தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெரிய பனியாறு இருக்கிற கலாஃபாத்தேயில் நெலிதா என்று ஒருத்தி விடுதி நடத்துகிறாள். அவளை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு போட்டோவில் பார்த்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்பைப் பிடிக்கவில்லை.

எங்கள் மகள் ராயேனுக்குப் பதினாலு வயது. செப்டம்பரிலேயே சமையலறைச் சுவரில் ஒரு நீளமான வரைபடத்தை ஒட்டிவிட்டாள். அடுப்புக்கு மேலே தொடங்கி கதவு நிலை வரைக்கும் வந்தது. நான் ரொட்டி வாட்டும்போதெல்லாம் அதன் மேல் ஆவி அடித்து ஓரம் சுருண்டது. பள்ளிவிட்டு வந்ததும் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே அதன் முன்னால் நிற்பாள். எந்த ஊரில் இரவு தங்குவது, எங்கே பெட்ரோல் கிடைக்காமல் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், எங்கே காற்று வண்டிக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்றெல்லாம் அப்பாவிடம் போனில் கேட்டு எழுதினாள். இங்கே மழைக்கு ஒரு சட்டை, நடுவில் புழுதிக்கும் வெயிலுக்கும் ஒன்று, கீழே போனால் கோடையிலும் குளிருக்கு இரண்டு என்று துணிக்குத் தனிப் பட்டியல். ஆப்பிளும் சீஸும் தேனும் எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால் அவற்றையெல்லாம் எதற்கு முன்னால் தின்று முடிக்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தாள்.

விமானத்தில் போயேன், இரண்டு மணி நேரம், கடிதமும் வேண்டாம் என்றேன். ஜன்னலில் மேகம்தான் தெரியும் என்றாள். சரி, கப்பலில் போ, முழுக்க நம் நாட்டுக்குள்ளேயே போகலாம் என்றேன். கப்பலில் பிப்ரவரி இடமெல்லாம் அக்டோபரிலேயே தீர்ந்துவிட்டது, அது எனக்கும் தெரியும். பிறகு அவளே சொன்னாள்.

"அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பா எப்பவும் அந்த ரோட்டுலதான் இருந்தாரு. அப்படி என்னதான் இருக்கு அங்கேன்னு பாக்கணும்."

எனக்கும்தான் அந்தக் கேள்வி பதினோரு வருடமாக இருந்தது. சரி என்றேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு நாள் அடுப்பைத் துடைக்கும்போது வரைபடத்தில் புதிதாகப் பச்சை மையில் ஒரு கோடு கண்ணில் பட்டது. புந்தா அரேனாசிலிருந்து மேலே ஏறி, புவெர்த்தோ நத்தாலெஸ் தாண்டி, எல்லையையும் தாண்டி, கலாஃபாத்தேயில் போய் முடிந்தது. இரண்டு இரவு என்று எழுதியிருந்தாள். என்ன இது என்று கேட்டேன். பனியாறு என்றாள். தெற்கே போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்காமல் வரமாட்டார்கள்தான், நானே ஆயிரம் பேருக்கு அதற்காகக் கடிதம் அடித்திருக்கிறேன். எங்கே தங்குவீர்கள் என்றேன். அவள் துணிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "நெலிதா வீட்டுல. அவங்கதான் கூப்பிட்டாங்க" என்றாள்.

அவங்க. மரியாதை வேறு. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பெண்ணுக்கு அவள் காலையில் ரொட்டி வாட்டிக் கொடுப்பாள், தலை பின்னிவிடுவாள், அந்தப் பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பைச் சிரிப்பாள். இவள் இங்கே வந்து நெலிதா அப்படிச் செய்வாங்க, இப்படிச் செய்வாங்க என்று என்னிடமே சொல்வாள். ஆனால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கெட்டவள் நான் ஆகிவிடுவேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி நிபால்தோ தன் பிக்கப் வண்டியோடு வந்து சேர்ந்தான். அலுவலகத்தில் எல்லோரையும் போல டோக்கன் எடுத்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது, அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் வீட்டு விவகாரம், நான் அடித்துத் தருகிறேன் என்று ஓரியெத்தா தணிந்த குரலில் சொன்னாள். நானே அடிப்பேன் என்றேன்.

அந்தக் கடிதத்துக்கு எங்களிடம் ஒரு மாதிரிப் படிவம் உண்டு. பெயரும் தேதியும் மாற்றினால் போதும். பிப்ரவரி ஒன்று முதல் இருபத்தெட்டு வரை, தந்தையுடன், "பலமுறை வெளியேறவும் நுழையவும்" என்று வரும். அந்த இடத்தில் என் கை நின்றது. பலமுறை என்பதை அழித்தேன். "ஒரே ஒரு முறை வெளியேற" என்று அடித்தேன். ஒரு தடவை அர்ஜென்டினாவுக்குள் போகலாம், அப்பன் ஊருக்குப் போய்ச் சேரலாம். அதற்கு மேல் எல்லையைத் தாண்டி அந்த விடுதிக்கு என் பெண் போக முடியாது. சாவடியில் அவர்களே தடுப்பார்கள், பழி என் மேல் வராது. அடித்து முடித்தபோது மனசு குளிர்ந்திருந்தது, அது நிஜம்.

நோட்டரி எவாரிஸ்தோ ஐயா பேனாவை எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தி, "ஒரு முறைதானா இர்மா?" என்று கேட்டார். ஆமாம், அதற்கு மேல் எனக்குச் சம்மதமில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெளியே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அது தாயின் உரிமை என்று முணுமுணுத்துவிட்டு முத்திரை குத்தினார்.

நிபால்தோ கடிதத்தைப் படிக்கவேயில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"படிச்சுப் பாத்துக்க" என்றேன்.

"நீ அடிச்சதுதானே. சரியாத்தான் இருக்கும்."

பிப்ரவரி ஒன்றாம் தேதி விடியற்காலையில் மழைத் தூறலில் கிளம்பினார்கள். ராயேன் வண்டி ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையாட்டினாள். அதன் பிறகு நாளுக்கு இருபது போட்டோ வந்தது. கம்பி வேலி, ஆடு, கம்பி வேலி, வெறும் வானம். மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது: "அம்மா, இந்த ரோட்டுல ஒண்ணுமே இல்ல. பாவம் அப்பா." அதை நான் நாலைந்து தடவை படித்தேன். பிறகு புந்தா அரேனாஸ், பெங்குயின், அவன் வீட்டு ஜன்னல், அவளுக்கென்று அவன் புதிதாக வாங்கி வைத்திருந்த கட்டில். நான் மட்டும் உள்ளுக்குள் பன்னிரண்டாம் தேதிக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் பச்சைக் கோடு.

பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்கு மேசை மேல் போன் அடித்தது. எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பனியாறு நம் நாட்டிலும்தான் இருக்கிறது, அங்கேயே பாருங்கள் என்று சொல்ல வேண்டும். குரல் இயல்பாக இருக்க வேண்டும்.

ராயேன் அழவில்லை. நத்தாலெஸ் தாண்டிய சாவடியில் இருப்பதாகச் சொன்னாள். பின்னால் காற்று இரைந்தது.

"அம்மா, வெளிய விட மாட்டேங்கிறாங்க. ஒரு தடவதான் போகலாம்னு எழுதியிருக்காம், அது பிப்ரவரி ஒண்ணாம் தேதியே முடிஞ்சுபோச்சாம்."

நான் ஒத்திகை பார்த்ததை அப்படியே சொன்னேன். நன்றாகவே வந்தது.



"சரி, பனியாறு வேண்டாம். நான் வீட்டுக்கு எப்படி வர்றது?"

எனக்கு உடனே புரியவில்லை. வண்டியில்தான் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வண்டியில் வீட்டுக்கு வருவதென்றால் அர்ஜென்டினா வழியாகத்தான் வர வேண்டும். அர்ஜென்டினாவுக்குள் போவதென்றால் சிலியிலிருந்து வெளியேற வேண்டும். இரண்டாவது தடவை. இருபத்திரண்டு வருடமாக, வழியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம், திரும்பி வருவதும் ஒரு வெளியேற்றம்தான், மறக்காதீர்கள் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னவள் நான். ஓரியெத்தா தட்டச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

இப்போதே வேறு கடிதம் அடிக்கிறேன், எவாரிஸ்தோ ஐயா உள்ளேதான் இருக்கிறார், விமானத்தில் அனுப்பினால் மூன்றே நாளில் வந்துவிடும் என்று கடகடவென்று சொன்னேன். அவசரத்தில் அடித்தது, கை தவறிவிட்டது என்றும் சொன்னேன்.

"மத்தப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் அடிப்பியா?"

"இல்ல."

"கை தவறலைம்மா. அவங்க வீட்டுக்கு நான் போகக் கூடாதுன்னு அடிச்சிருக்கே." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. "அது பரவாயில்ல. நான் வரணும்னு ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா, நான் வர்ற வழி உனக்கு ஞாபகம் வந்திருக்கும்ல?"

அந்தக் கடிதத்தை அடித்த பத்து நிமிடமும் என் மனசில் நிபால்தோ இருந்தான், நெலிதா இருந்தாள், அவள் பல் இருந்தது. பெயர் எழுதும் இடத்தைத் தவிர வேறெங்கும் ராயேன் இல்லை.

நிபால்தோ போனை வாங்கினான். கத்துவான் என்று நினைத்தேன், நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் பதில் பேச வாய் கிடைத்திருக்கும். அவளை என் வீட்டுக்கே திரும்பக் கூட்டிப்போகிறேன், நீ பதறாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

எதிரே இருந்த தம்பதியை ஓரியெத்தா தன் மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். புதுக் கடிதத்தை அன்று மதியமே அடித்தேன். பலமுறை வெளியேறவும் நுழையவும். பதினைந்தாம் தேதி அது போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சு" என்று ராயேன் ஒரு வார்த்தை அனுப்பினாள். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். பதிலில்லை. விமானத்தில் வருகிறாயா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. பிறகு நிபால்தோ மட்டும் கூப்பிட்டான். அங்கே பக்கத்திலேயே ஒரு பள்ளி இருக்கிறது, மார்ச்சில் திறக்கிறது, அதன் வாசல் வரைக்கும் அவளாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இன்றைக்கு இருபத்தைந்து. கடிதம் இருபத்தெட்டோடு முடிகிறது, பாதையோ மூன்று நாள். கிளம்பிவிட்டோம் என்று இன்னும் செய்தி வரவில்லை.